நல்ல தண்ணி ஊத்தாதீங்க!

உப்பளத்து வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு. எந்தக் கஷ்டம் வந்தாலும் முதலில் உப்புத் தண்ணீரைத்தான் தேடுவோம். தொண்டை கட்டினால் கொப்பளிப்போம். காலில் முள் குத்தினால் ஊற வைப்போம். மாங்காய் மீந்தால் அதில் போட்டு வைப்போம். மனசு சரியில்லை என்று சொன்னால்கூட என் அம்மா, "போயி கொஞ்ச நேரம் உப்புப் பாத்தியில நின்னுட்டு வா" என்பாள். (நின்றிருக்கிறேன். காலில் உள்ள வெடிப்பெல்லாம் எரியும். அந்த எரிச்சலில் மனசை யார் நினைக்கிறார்கள்?) மரக்காணத்தில் எங்கள் குடும்பத்தை இந்த வைத்தியம் கைவிட்டதே இல்லை, ஒரே ஒரு தடவை தவிர. அந்தத் தடவையும் என் முறையில் தவறில்லை என்றுதான் இன்றுவரை வாதாடி வருகிறேன். முறை சரி. அலசிய பொருள்தான் தப்பு.

அப்போது நான் கோட்டக்குப்பத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஒரு யூடியூப் சேனல் நடத்திக்கொண்டிருந்தேன். சினிமா பக்கம் போகாமல், தானே பாட்டுக் கட்டி, தானே பாடி, தானே வெளியிடுகிற ஆட்களைப் பிடித்து உட்கார வைப்பேன். யாரைக் கேட்டு வளர்ந்தீர்கள், எந்த ஆல்பம் உயிர் என்று கேட்பேன். குயிலாப்பாளையம் பக்கம் போனால் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து பன் சாப்பிடுகிறவர் தோளில் கிடார் தொங்காவிட்டால்தான் ஆச்சரியம்.

கேமரா ஷாஹிதா. கூனிமேட்டுப் பெண், கடையில் எனக்குப் பக்கத்து கவுன்ட்டர். கேமரா என்றால் அவளுடைய செல்போன்தான். அவளுக்கு நான் போட்டிருந்த ஒரே உத்தரவு, "என்ன நடந்தாலும் ரெக்கார்டிங்க மட்டும் நிறுத்தாத" என்பது. அந்த உத்தரவை அவள் இவ்வளவு விசுவாசமாகக் காப்பாற்றுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இசையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஓர் அபார நம்பிக்கை. (ஆர்மோனியத்தில் காற்று எந்தப் பக்கமாகப் போகிறது என்று தெரியாது. அது வேறு விஷயம்.) என் கேள்விகள் எப்போதும் பதில்களைவிட நீளமாக இருக்கும். ஒருமுறை ஒரு டிரம்மர், நான் கேள்வியை முடிப்பதற்குள் டீயைக் குடித்து, கிளாஸைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, "ஆமாங்க" என்றார். அதை நான் ஆழமான உரையாடல் என்று தலைப்புப் போட்டு வெளியிட்டேன்.

மார்த்தா அக்கா எனக்குக் கிடைத்ததுதான் சேனலின் பெரிய அதிர்ஷ்டம். வேலூர்க்காரர். குயிலாப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். கிடாரும் குரலும் மட்டும் வைத்து அவர் செய்த பாட்டுகளைக் கேட்டுவிட்டு, இரண்டு மூன்று நாள் வேறு எதையும் கேட்கப் பிடிக்காமல் கிடந்திருக்கிறேன். பேட்டி என்றாலே ஒதுங்கிவிடுவார். நானும் விடாமல் மெசேஜ் போட்டேன். "உப்பளத்துல வெச்சு எடுக்கலாம்கா, எங்க அப்பா பாத்திதான்" என்று எழுதியதும், பார்க்க ஆசையாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். எங்கள் சேனலில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டியின் கடைசியில் விருந்தாளி தனக்கு மிகவும் பிடித்த ஆல்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். எல்லாரும் போனில் அட்டைப் படத்தைத் திறந்து காட்டுவார்கள். மார்த்தா அக்கா, "என்கிட்ட நெசமான இசைத்தட்டே இருக்குதுங்க, கொண்டாரேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நல்ல வெயில் நாள். காலையிலேயே அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். காலடியில் சூட்கேஸ் மாதிரி ஒரு ரெக்கார்டு பிளேயர், தோளில் துணிப்பை. அப்பா தூரத்தில் ஒரு பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். அம்மா கூடையில் சுமந்து குவியலில் கொட்டிக்கொண்டிருந்தாள். குவியலுக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு ஆரம்பித்தேன்.

"அக்கா, உங்க மியூசிக்ல ஒரு தனிமை இருக்குது. அந்தத் தனிமைக்குள்ள ஒரு கடல் இருக்குது. அந்தக் கடலுக்குள்ள வெளிநாட்டு நாட்டுப்புற இசையோட தாக்கம் இருக்குது. இது எப்படி அங்க வந்துச்சு?"

"எது, கடலா?"

"தாக்கம்கா."

"தெரியலையேங்க. எங்க ஊர்ல கடலே கெடையாது."

நான் அசரவில்லை. அவருக்கு யார் யாருடைய தாக்கம் இருக்கிறது என்று நானே எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டே இராத நாலைந்து பேரைச் சொன்னேன். அக்கா ஒவ்வொரு பெயருக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். கூடையோடு போய்க்கொண்டிருந்த அம்மாதான் பொறுக்க முடியாமல் கத்தினாள்.

"ஏன்டி பவானி, கூப்ட்டு ஒக்கார வெச்சுட்டு நீயே பேசிக்கினு இருக்க? அந்தப் பொண்ணக் கொஞ்சம் பேச வுடேன்டி!"

விட்டேன். அக்கா துணிப்பையிலிருந்து அந்தத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உறையின் ஓரமெல்லாம் நைந்திருந்தது. வேலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸுகள் சேர்ந்து பாடிய கிறிஸ்துமஸ் பாட்டுகள். ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்வதற்காகக் கொஞ்சமாகப் போட்ட தட்டு. அக்காவின் அம்மா லில்லி அந்த நர்ஸுகளில் ஒருவர்.

"மூணாவது பாட்டுல ஒரு எடத்துல எல்லாரும் 'வா'ன்னு சேந்து எடுக்கணும்ங்க" என்றார் அக்கா. "எங்கம்மா மட்டும் ஒரு தாளம் முன்னாடியே எடுத்துடுவாங்க. ஒரே ஒரு 'வா'. அதுக்குள்ள மத்தவங்க குரல் வந்து மூடிக்கும். எங்கம்மா தனியா பாடினது உலகத்துலயே அது ஒண்ணுதான். சின்ன வயசுல அந்த ஒரு எடத்துக்காக முழுத் தட்டையும் கேப்பேன். நான் பாட வந்ததே அதனாலதான். என் பாட்டெல்லாத்துலயும் குரல் கொஞ்சம் முந்திக்கிட்டு வரும், கவனிச்சீங்களா?"

(கவனிக்கவில்லை.) "கவனிச்சேன்கா" என்றேன்.

"இப்ப அம்மா பாடறதே இல்ல. பாடச் சொன்னா போனை வெச்சுடுவாங்க. இந்தத் தட்டு வேற யார்கிட்டயும் இல்ல. ஆஸ்பத்திரியிலயும் கேட்டுப் பாத்துட்டேன். இது ஒண்ணுதான்."

கொஞ்சமாவது அறிவுள்ள பெண்ணாக இருந்தால் அந்த இடத்தில் தட்டை உறையோடு பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொல்லி எழுந்திருப்பாள். எனக்கோ கண்ணில் பட்டது இரண்டே விஷயம். தட்டு கறுப்பு. உப்பு வெள்ளை.

"அக்கா, உறையிலேர்ந்து எடுங்க. குவியல் மேல நிக்க வெச்சு ஒரு ஷாட்."

"காத்து அடிக்குதேங்க."

"பொறந்ததிலேர்ந்து இந்தக் காத்துலதான்கா இருக்கோம். எனக்குத் தெரியாத காத்தா?"

தட்டின் கீழ்ப்பாதியை உப்பில் செருகி நிறுத்தினேன். அடேயப்பா, என்ன அழகு! ஷாஹிதாவே "சூப்பர்டி" என்றாள். இன்னும் கொஞ்சம் சாய்வாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று குவியலில் ஒரு காலை வைத்தேன். காற்றை நான் நன்றாகத்தான் கணித்திருந்தேன். என் எடையைத்தான் கணிக்கவில்லை. உப்பு சரிந்தது. தட்டு நிமிர்ந்து, உருண்டு இறங்கி, வரப்பைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டுவார்களே, அப்படி ஓடியது. கோடு போட்ட மாதிரி நேராக ஓடியது. பின்னால் நான், எனக்குப் பின்னால் அக்கா, அவருக்குப் பின்னால் போனை உயர்த்திப் பிடித்தபடி ஷாஹிதா. வரப்பு ஓர் இடத்தில் இடப்பக்கம் திரும்பியது. தட்டு திரும்பவில்லை.

பாத்திக்குள் விழுந்த தட்டை அக்காதான் முதலில் எடுத்தார். இரண்டு பக்கமும் சாம்பல் நிறச் சேறு. அவர் பதறிப்போய்ப் பையிலிருந்து குடிதண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். (எல்லாம் முடிந்தபிறகு யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு அங்கே நடந்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.) தூரத்தில் இருந்த அப்பா கண்ணில் தட்டு படவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பாத்தியில் நல்ல தண்ணீரை ஊற்றப் போகிறாள், அது மட்டும்தான் பட்டது.

"ஏம்மா! ஏம்மா! நல்ல தண்ணி ஊத்தாதீங்க!"

உப்பளத்தில் நல்ல தண்ணீர் குடிப்பதற்கு மட்டும்தான். விளைந்த உப்பில் அது பட்டால் கரைந்து போய்விடும். மழை வருகிறது என்றால் எங்கள் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருக்கும். அதனால் அப்பா கத்தியதும் அம்மா கூடையைப் போட்டுவிட்டுக் கத்தினாள். எதற்கென்று தெரியாமலே அடுத்த பாத்திக்காரர்களும் கத்தினார்கள். நாலா பக்கமும் "ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க" என்று எழுந்த சத்தத்தில் அக்கா உறைந்து நின்றார். நான் பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கினேன்.

"பதறாதீங்கக்கா. இதுக்குன்னு ஒரு முறை இருக்குது."

இருக்கத்தான் செய்தது. வாரிய உப்பில் சேறு ஒட்டியிருந்தால், பாத்தியில் தெளிந்து நிற்கிற உப்புத் தண்ணீரிலேயே அலசி எடுப்போம். சேறு போய்விடும், உப்பு கரையாது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் பார்த்த, செய்த வேலை. தட்டை வாங்கித் தெளிந்த பாத்தியில் முக்கினேன். அலசினேன். துப்பட்டா முனையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். அந்தத் துப்பட்டாவில் காலையிலிருந்து ஒட்டியிருந்த உப்புப் பொடி அத்தனையும் கூடவே வட்டம் போட்டது.

"அழுத்தித் தேயிடி, ஓரத்துல சேறு இருக்குது பாரு" என்றாள் அம்மா.

"திருப்பிப் போட்டு இன்னொரு தபா அலசு" என்றார் அதற்குள் வந்து சேர்ந்த அப்பா.

"கொஞ்சம் மெதுவாங்க... மெதுவாங்க..." என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்கத்தான் செய்தது. விருந்தாளியின் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். என் கல்யாணப் பேச்சு உட்பட எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத எங்கள் மூன்று பேரும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே கருத்தில் நின்ற நேரம் அது. கடைசியாக அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"அப்படியே குவியல் மேல படுக்க வெச்சுடு. வெயில் நல்லா அடிக்குது. நாம ஒரு வாய் சாப்ட்டு வர்றதுக்குள்ள பளபளன்னு ஆயிடும்."

அக்காவைக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போய் அம்மா கூழும் கருவாடும் வைத்தாள். அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டே குடித்தார். "நல்லா சாப்புடும்மா, பாடற ஒடம்பு" என்று அம்மா இன்னொரு சொம்பு ஊற்றினாள்.

திரும்பி வந்து பார்த்தபோது, அப்பா சொன்ன மாதிரியே பளபளவென்றுதான் இருந்தது. தட்டு முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்து மின்னியது. போதாததற்கு வெயிலில் நெளிந்து, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி மேலும் கீழுமாக வளைந்து கிடந்தது.

"யா அல்லாஹ்" என்றாள் ஷாஹிதா, போனை இறக்காமலே.

அப்பா குனிந்து தட்டைக் கையில் எடுத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்து, "உப்பு நல்லா பூத்திருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அது.

மார்த்தா அக்கா என்னைத் திட்டவில்லை. தட்டை வாங்கித் துணிப்பையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், எனக்கு வாய் உண்டு. அவர் அந்தப் பையை மடியில் அணைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் செய்த காரியம் உறைத்தது. ஒரு பெண்ணின் அம்மா குரலைச் சேற்றில் போட்டு, உப்பு வைத்துத் தேய்த்து, கருவாடு மாதிரி காய வைத்திருக்கிறேன். அந்த நிமிஷம் சேனலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அந்த 'வா' மட்டும் பிழைத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

ஷாஹிதாவும் நானும் அவர் பின்னாலேயே குயிலாப்பாளையம் போனோம். (அப்பாவும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.) அக்கா தன் குளியலறைக் குழாயில், நல்ல தண்ணீரில், தட்டை நிதானமாகக் கழுவினார். துடைத்தார். பிளேயரில் வைத்து ஊசியை இறக்கினார்.

கடுகு வெடித்தது. சட்டி சட்டியாக வெடித்தது. அதற்கு அடியில் எங்கோ நர்ஸுகள் பாடிக்கொண்டிருந்தார்கள். தட்டின் நெளிவில் ஊசி ஏறி இறங்க, படகில் நின்றுகொண்டு பாடுகிற மாதிரி குரல்கள் ஆடின. முதல் பாட்டு போனது. இரண்டாவது போனது. மூன்றாவது வந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தாரா, நான் பிடித்தேனா என்று இப்போது நினைவில்லை.

"வா" என்றது ஒரு குரல். தூக்கக் கலக்கத்தோடு, ஆனால் தெளிவாக, தனியாக. அடுத்து மற்றவர்கள் வந்து மூட வேண்டும். வரவில்லை. நான் தேய்த்த கீறலில் ஊசி தட்டி, ஒரு சுற்று பின்னால் குதித்தது. "வா." மறுபடி குதித்தது. "வா." "வா." "வா."

நான் ஊசியை எடுக்கக் கையை நீட்டினேன். அக்கா தட்டிவிட்டார். அப்போது அவருடைய போன் அடித்தது. வேலூரிலிருந்து அவருடைய அம்மா, மதியம் சாப்பிட்டாயா என்று கேட்பதற்காக. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னடி சத்தம் அங்க? யாரு யாரைக் கூப்புடறா?"

"நீதாம்மா. என்னைத்தான் கூப்புடற."

தட்டு இன்னும் இரண்டு தடவை 'வா' என்றது. பிறகு லில்லி அம்மா வெடித்தார்.

"அந்தச் சனியனை இன்னுமா வெச்சிருக்க? நைட் டியூட்டி முடிச்சிட்டு கண்ணு சொருக நின்னேன்டி நானு. முந்திப் பாடித் தொலைச்சேன். மேட்ரன் பாத்த பார்வை இன்னும் முதுகுல சுடுது. நீ என்னடான்னா அதைப் போறவன் வர்றவனுக்கெல்லாம் போட்டுக் காட்டற! நிறுத்துடி அதை!"

"நிறுத்த முடியலம்மா. ஊசி மாட்டிக்கிச்சு. உப்பு."

"என்ன உப்பு?"

அக்கா போனை என்னிடம் நீட்டினார். தப்பிக்க வழியில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"எதுல கழுவின?" என்று கேட்டார் லில்லி அம்மா. வார்டில் கேட்கிற குரல்.

"உப்புத் தண்ணியிலங்க ஆன்ட்டி."

"புண்ணா இருந்தா சரி. அப்புறம்?"

"வெயில்ல காய வெச்சேங்க."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "வுடு பாப்பா. இத்தன வருஷமா அதை ஒடச்சுப் போடணும்னு எனக்கே ஆசைதான். கை வரல. ஏய் மார்த்தா! அந்தக் கண்றாவிய எடுத்துட்டுக் கேளு. அந்த எடம் எப்படி வரணும்னு பாடிக் காட்டறேன். இனிமே யாருக்காவது போடறதுன்னா இதைப் போடு."

பாடச் சொன்னால் போனை வைத்துவிடுகிற அம்மா. அக்கா சட்டென்று ஊசியைத் தூக்கினார். அறை அமைதியானது. லில்லி அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார். வயதான குரல், ஆனால் சுத்தமான குரல். அந்த இடம் நெருங்கியதும் பாட்டை நிறுத்தி, கவனமாக, ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு..."

நாலு வருவதற்கு முன்பே "வா" என்று எடுத்துவிட்டார்.

போனில், "ச்சே!"

மார்த்தா அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். போனுக்குள் லில்லி அம்மாவும் சிரிக்க ஆரம்பித்ததும் நானும் தைரியமாகச் சேர்ந்துகொண்டேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் ஷாஹிதா. கை வலிக்கிறது என்று இடக்கைக்கு மாற்றியிருந்தாளே தவிர, ரெக்கார்டிங்கை நிறுத்தவில்லை.

அதுதான் பேட்டி. அக்காவின் சம்மதத்தோடு வெளியிட்டோம். என் கடல், தனிமை, தாக்கம் எல்லாவற்றையும் ஷாஹிதா ஈவிரக்கமில்லாமல் வெட்டி எறிந்துவிட்டாள். அதில் என் பங்காக மிஞ்சியது "கவனிச்சேன்கா", "உப்புத் தண்ணியிலங்க ஆன்ட்டி" என்ற இரண்டே வசனங்கள்தான். இருந்தும் எங்கள் சேனலிலேயே அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். அதன்பிறகு நான் எடுத்த பேட்டிகளில் கேள்விகள் சின்னதாகிவிட்டன.

அடுத்த வருஷம் மார்த்தா அக்காவின் புது ஆல்பம் நிஜமான இசைத்தட்டாகவே வந்தது. முதல் பாட்டு எங்கள் பாத்தி உப்பு வெடிக்கிற சத்தத்தில் தொடங்கும். பிறகு "வா, வா, வா" என்று லில்லி அம்மாவின் அந்தக் காலத்துக் குரல். அதன்மேல், போனில் எண்ணிய "ஒண்ணு, ரெண்டு, மூணு". பின்னட்டையில் கிடார் யார், தபலா யார் என்று போட்டிருந்த இடத்தில், "உப்பு: பவானி குடும்பத்தார், மரக்காணம்" என்று ஒரு வரி. அப்பா அதை லேமினேட் செய்து கொட்டகையில் மாட்டியிருக்கிறார். ஆல்பத்தை இதுவரை கேட்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த தட்டின் உறையில் லில்லி அம்மா தன் கையாலேயே எழுதி அனுப்பியிருந்தார்: "பவானிக்கு அன்புடன். கழுவ வேண்டாம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்கள். பிரிட்ஜ் வந்தபோது அம்மா சொன்னாள். என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம், பெண்ணுக்கு என்னென்ன வேலை தெரியும் என்ற பேச்சு வந்தபோது, அப்பா முழுக் கதையையும் சொல்லிவிட்டு, கடைசியில் மாப்பிள்ளையைக் காட்டி, "பவானி, கழுவ வேண்டாம்" என்றார். (அப்படியும் சம்மதித்தார். அதனால்தான் அவரைக் கட்டிக்கொண்டேன்.)

போன வருஷம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முந்திக்கொண்டு பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அப்பா எட்டிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் விடுவாரா?

"பவானி, கழுவ வேண்டாம்."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "நாங்களே கழுவிட்டோம்ங்க" என்றார்.

"எதுல?" என்று கேட்டேன் நான்.